கொடியை வெட்டியவள்

துப்பட்டாவை எடுத்து வரத்தான் லோகப்பிரியா வீட்டுக்குள் போனாள். போய் வர அதிக நேரம் ஆகவில்லை. அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

அன்னூர்ப் பக்கம், தோட்டத்துக்கு நடுவே இருக்கும் வீடு அது. அன்று காலை அங்கே இருந்தது லோகப்பிரியாவும் அவள் மாமியார் நாச்சியம்மாளும் மட்டும்தான். மாமனார் பாலுசாமிக்கு அன்று கோயமுத்தூரில் நெஞ்சைப் பிளந்து செய்யும் ஆபரேஷன். கணவன் கிருபாசங்கர் முதல் நாளே அவரோடு ஆஸ்பத்திரியில் போய்த் தங்கிவிட்டான். பால் கறந்து, மாடுகளுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டுவிட்டு, மாமியாரும் மருமகளும் காரில் கிளம்புவதாகப் பேச்சு.

விடிந்ததும் அந்தியூரிலிருந்து பாலுசாமியின் அக்கா வேலாத்தாள் போன் செய்திருந்தாள். அவள் குரல் ஸ்பீக்கர் போடாமலே சமையலறை வரை கேட்கும்.

"நாச்சி, இன்னைக்கு எந்தம்பி கத்திக்குக் கீழ படுக்கப் போறான். நீ நூல் சேலையச் சுத்திக்கிட்டு நிக்காத. பட்டுக் கட்டு. தலை நெறயப் பூ வை. கொடிய ஜாக்கெட்டுக்குள்ள போட்டு மறைக்காம வெளிய தெரியற மாதிரி போடு. நீ மங்களகரமா இருந்தாத்தான் அவன் எந்திரிச்சு வருவான், ஆமா."

நாச்சியம்மாள் அப்படியே செய்தாள். வழக்கமாக மாட்டு வேலைக்கு அவள் கட்டுவது பழைய வாயில் நூல் சேலை. முந்தியை இழுத்து இடுப்பில் செருகிவிடுவாள். தாலிக்கொடி ஜாக்கெட்டுக்குள் கிடக்கும். அன்று அரக்குப் பட்டு கட்டி, முந்தியை முழுசாகத் தொங்கவிட்டு, கொடியை எடுத்து மார்பின் மேல் போட்டிருந்தாள்.

"அத்தை, மாட்டு வேலைய முடிச்சுப்போட்டுக் கட்டிக்கலாமுங்களே," என்றாள் லோகப்பிரியா.

"இல்ல கண்ணு. அவர உள்ள கூட்டிட்டுப் போறப்ப நான் கட்டியிருக்கோணும். அப்புறம் கட்டி என்ன பிரயோசனம்?"

தட்டு வெட்டும் ஆள் அன்று வரவில்லை. அதனால் மெஷினை நாச்சியம்மாளே ஓட்டுவதாகச் சொன்னாள். கொட்டகையில் மோட்டார், அதிலிருந்து நீளமாக ஒரு பெல்ட், அந்தப் பக்கம் கத்தி வைத்த பெரிய சக்கரம். பெல்ட்டுக்கு மேல் இருந்த தகர மூடி கடகடவென்று ஆடுகிறதென்று பாலுசாமி எப்போதோ கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.

லோகப்பிரியா சுடிதாரோடு வந்து சோளத்தட்டுக் கட்டைத் தூக்கப் போனபோது நாச்சியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"பால் வண்டிக்காரர் வார நேரம். போய்த் துப்பட்டா போட்டுட்டு வா அம்மணி."

சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் வேலை லோகப்பிரியாவுக்கு. அங்கே யாரும் துப்பட்டாவைத் தேடுவதில்லை. இன்றைக்குமா இதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். திரும்பி வீட்டுக்குள் போனாள்.

பீரோவைத் திறந்து கை வைத்தபோது மோட்டாரின் சத்தம் மாறியது. ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது திணறி, கனத்து, பிறகு பெல்ட் வழுக்கிக் கீச்சிட்டது. ரப்பர் கருகும் வாசம் வந்தது. அலறல் எதுவும் கேட்கவில்லை. அலறுவதற்கு அத்தையிடம் மூச்சே இல்லை என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

ஓடினாள்.

நாச்சியம்மாள் மெஷின்மேல் குனிந்து கிடந்தாள். கன்னம் இரும்புச் சட்டத்தில் ஒட்டியிருந்தது. பட்டு முந்தி பெல்ட்டோடு உள்ளே போய், கயிறு திரிப்பது போல் முறுக்கி, சக்கரத்தின் தண்டில் சுற்றிச் சுற்றி அவளை இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கையைச் சட்டத்தில் ஊன்றி அவள் எதிர்த்து நின்றாள். கண்கள் லோகப்பிரியாவைப் பார்த்தன.

சுவரில் இருந்த ஸ்டார்ட்டரை லோகப்பிரியா உள்ளங்கையால் அடித்தாள். எந்தப் பொத்தானை அடித்தோம் என்றே தெரியவில்லை. மறுபடி அடித்தாள். மோட்டார் நின்றது.

நின்றும் பிடி விடவில்லை. முறுக்கிய சேலை முறுக்கியபடியே இருந்தது. சக்கரத்தைப் பின்பக்கம் திருப்பப் பார்த்தாள். பாறை மாதிரி நின்றது. தட்டுப் போருக்குப் பக்கத்தில் கிடந்த அரிவாளை எடுத்து வந்து சேலையை அறுத்தாள். பட்டு அறுபட்டது. ஜரிகைக் கரை அறுபடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்து அறுத்தாள். ஒருவழியாகக் கரையும் கிழிந்தது. நாச்சியம்மாளின் தோள் விடுபட்டது.

தலை விடுபடவில்லை.

வெளியே போட்டிருந்த தாலிக்கொடி, சேலையோடு சேர்ந்து தண்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அது இப்போது தாடைக்குக் கீழே சதைக்குள் புதைந்து கிடந்தது. லோகப்பிரியா விரலை நுழைக்கப் பார்த்தாள். நகம்கூட நுழையவில்லை. கொடியைக் கழற்றும் திருகு எங்கோ துணிக்குள் மாட்டியிருந்தது. மாமியாரின் முகம் கருத்துக்கொண்டே வந்தது. உதட்டோரம் எச்சில் வழிந்தது.

ஸ்டார்ட்டருக்குப் பக்கத்து ஆணியில் மாமனாரின் கட்டிங் பிளேயர் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அதைப் பார்த்ததும் நாச்சியம்மாளின் கை பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அதுவரை இரும்புச் சட்டத்தில் ஊன்றி உயிரைக் காத்துக்கொண்டிருந்த கை. குரல் வரவில்லை. உதடுகள் மட்டும், வேண்டாம் என்றன. பிறகு, "மாமா..." என்று ஒரு காற்று வந்தது.

லோகப்பிரியாவுக்குப் புரிந்தது. இந்நேரம் அவரை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். அதே நேரத்தில் அவர் கட்டிய தாலியின் கொடியை அறுக்க வேண்டும்.

"அத்தை, கைய எடுங்க. எடுங்க அத்தை!"

எடுக்கவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் கையை விலக்க வேண்டியிருந்தது. அந்த விரல்களில் அவ்வளவு பலம் இருந்தது. பிளேயரை வைத்து அமுக்கினாள். கொடி கனம், வெட்டுப்படவில்லை. இரண்டு கையாலும் சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

டக்கென்று ஒரு சத்தம்.

நாச்சியம்மாள் பின்னால் சாய்ந்து தட்டுத் தூளில் விழுந்தாள். உடைந்த விசில் மாதிரி மூச்சு உள்ளே போனது. இன்னொரு மூச்சு. இன்னொன்று. லோகப்பிரியா அவள் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து முதுகைத் தடவினாள். நாச்சியம்மாளின் கை முதலில் கழுத்துக்குப் போனது. வெறுங்கழுத்தைத் தொட்டதும் அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு அவள் தரையில் கவிழ்ந்து தட்டுத் தூளைக் கிளற ஆரம்பித்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க அத்தை. நான் அப்புறம் வந்து தேடறேன்."

அவள் காதில் அது விழவே இல்லை. லோகப்பிரியாவும் தேடினாள். கத்திக்குக் கீழே கையை விட்டு, தண்டைச் சுற்றியிருந்த பட்டைப் பிரித்து, அறுந்த கொடியின் துண்டுகளை எடுத்தாள். தாலி தண்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. எடுத்துக் கொடுத்தாள். நாச்சியம்மாள் அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குள் போன் அடித்தது.

இருவரும் அசையவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. லோகப்பிரியா எழுந்து போனாள்.

"அப்பாவ உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க," என்றான் கிருபாசங்கர். "அம்மாகிட்டச் சொல்லிப்போடு. அம்மா எங்க?"

"மாட்டுக்குத் தட்டுப் போட்டுட்டு இருக்காங்க." தன் குரல் எப்படி இவ்வளவு சாதாரணமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது நாச்சியம்மாள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். குரல் முழுசாக அடைத்திருந்தது.

"கயிறு... சாமி ரூம்ல. மஞ்சக்கயிறு."

கயிறு இருந்தது. நசுங்கிய தாலியை அதில் கோத்தார்கள். நாச்சியம்மாள் சுவரில் இருந்த காலண்டரைக் கண்ணால் காட்டினாள். "நேரம் பாரு."

லோகப்பிரியா பார்த்தாள். திங்கட்கிழமை. ராகு காலம் நடந்துகொண்டிருந்தது. முடிய நேரம் இருந்தது. அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சிரித்துக் கடந்துவிடுபவள். ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் முதுகில் குளிர்ந்தது.

"நல்ல நேரந்தானுங்க அத்தை," என்றாள்.

சொல்லிவிட்டுக் கயிற்றைக் கட்டினாள். கழுத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் தடிப்பு ஏறியிருந்தது. அதில் படாமல் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது.

அன்னூர் டாக்டர் தொண்டையைப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார். எலும்பு எதுவும் உடையவில்லை, உள்ளே வீங்கியிருக்கிறது, ஒரு நாள் படுக்க வேண்டும் என்றார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நீங்க இவங்கள இங்க கூட்டிட்டு வந்திருக்க வேண்டியதில்லை," என்று லோகப்பிரியாவிடம் மட்டும் சொன்னார். நாச்சியம்மாள் ஊசி போட்டுக்கொண்டாள், படுக்க மறுத்துவிட்டாள். கோயமுத்தூர் போக வேண்டும். பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டி ஆட்டி அதையே சொன்னாள்.

காரை லோகப்பிரியா ஓட்டினாள். நாச்சியம்மாள் இப்போது சாதாரண நூல் சேலையில் இருந்தாள். கழுத்தைச் சுற்றி மருமகளின் துப்பட்டா. கோவில்பாளையம் தாண்டியதும் போன் வந்தது. ஓரமாக நிறுத்தி, வெளியே இறங்கிப் பேசினாள்.

கிருபாசங்கரின் குரல் மாறியிருந்தது. "ரத்தம் கூடக் கேக்கறாங்க லோகா. டாக்டர் வெளிய வந்தாரு. நெனச்சதவிட நேரமாகும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மூஞ்சியே சரியில்ல. நீங்க சீக்கிரம் வாங்க."

போனை வைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இது ஆபரேஷன். இதயக் குழாய், ரத்தம், டாக்டர். அன்னூர்த் தோட்டத்தில் அறுந்த கொடிக்கும் இதற்கும் ஒன்றும் இல்லை. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும், அந்த டக்கென்ற சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் வெட்டிய நேரத்தில்தான் அங்கேயும் ஏதோ அறுந்திருக்கிறது என்று மனம் சொன்னது. அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை.

வண்டியில் ஏறினாள். நாச்சியம்மாள் அவளையே பார்த்தாள்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லீங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமாம்."

"பொய் சொல்லாத கண்ணு." ஒவ்வொரு சொல்லையும் விழுங்கி விழுங்கிச் சொன்னாள். "நான் அதோட போயிருந்தா சுமங்கலியாப் போயிருப்பேன். நீ ஏன் அறுத்த?"

லோகப்பிரியா வண்டியைக் கிளப்பினாள். "உங்க மூஞ்சி கருத்துப்போச்சுங்க அத்தை. அப்ப எனக்கு வேற ஒண்ணுமே தெரியலீங்க." அழுகை வந்தது. அதோடு மறைத்து வைத்திருந்ததும் வந்துவிட்டது: "கயிறு கட்டுனப்ப நல்ல நேரம் இல்லீங்க. ராகு காலம். நான் பொய் சொல்லிப்போட்டேன்."

நாச்சியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "திங்கக்கிழம காலைல ராகு காலம்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "வெறுங்கழுத்தா நிக்கறதுக்கு அதவிடப் பயமா இருந்துச்சு."

சரவணம்பட்டியில் லோகப்பிரியா வேலை பார்க்கும் கட்டடம் வந்தது, போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே கிருபாசங்கர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். நாற்காலியில் அந்தியூரிலிருந்து வந்திருந்த வேலாத்தாள். தலை நிறையப் பூ, பட்டுச் சேலை. நாச்சியம்மாளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"பட்டுக் கட்டச் சொன்னனே நாச்சி? இதென்ன, கழுத்துல துப்பட்டா? சளி புடிச்சிருக்கா?"

நாச்சியம்மாள் துப்பட்டாவை இறுக்கிக்கொண்டாள். வேலாத்தாளின் கண் கூர்மையானது. எட்டித் துப்பட்டாவை விலக்கினாள். ஊதாத் தடிப்பும், மஞ்சக்கயிறும், நசுங்கிய தாலியும் தெரிந்தன. அவள் கை தன் வாய்க்குப் போனது.

"கொடி எங்க?"

"மெஷின்ல மாட்டிக்கிச்சுங்க பெரியம்மா," என்றாள் லோகப்பிரியா. "நான்தானுங்க வெட்டுனேன்."

"எப்ப?"

"காலைல."

"இன்னைக்கா?" என்றாள் வேலாத்தாள். "ஏன்டி, இன்னைக்கா வெட்டுன?"

கிருபாசங்கர் அம்மாவின் கழுத்தையும் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். அதற்குள் கதவு திறந்தது. பச்சை உடுப்பில் ஒரு நர்ஸ் நின்றாள்.

"பாலுசாமி அட்டெண்டர் யாருங்க?"

யாரும் நகரவில்லை. நாச்சியம்மாள் கயிற்றோடு தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் கிருபாசங்கர் போனான். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு குனிந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. நாச்சியம்மாளின் கால்கள் மடங்கின. லோகப்பிரியா ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் பிடித்தது வேலாத்தாள்.

கிருபாசங்கர் வெளியே வந்தான். அழுதிருந்தான்.

"முடிஞ்சுதாம். ஐ.சி.யூ.வுக்கு மாத்தறாங்க. நாளைக்கு மூச்சுக் குழாய எடுத்ததுக்கு அப்புறம்தான் உறுதியாச் சொல்லுவாங்களாம். ஆனா இப்பத்திக்கு இருக்காரு அம்மா. இருக்காரு."

பயம் அதோடு போய்விடவில்லை. மறுநாள் மத்தியானம் குழாயை எடுத்து, பாலுசாமி தானாக மூச்சு விட்டு, தண்ணி வேணும் என்று சைகை காட்டும் வரை நாச்சியம்மாள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

அவருக்கு விஷயத்தைச் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகுதான். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார். மனைவியின் கழுத்தில் தடிப்பு அப்போது பழுப்பாக மாறியிருந்தது. அதைப் பார்த்தார்.

"அந்த மூடியக் கழட்டிப்போட்டது நான்," என்றார். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று சாயங்காலமே கிருபாசங்கர் ஆள் கூட்டி வந்து பெல்ட்டுக்கு மூடியைப் பொருத்தினான்.

வேலாத்தாள் அடுத்த வாரம் வந்தாள். பழம், பலகாரம், கூடவே ஒரு யோசனை. தாலியை நேராக்கி, நல்ல நாள் பார்த்து, புதுக் கொடியில் கோத்துத் தம்பி கையால் கட்ட வேண்டும்.

"தாலிய நேராக்கிக்கலாமுங்க அண்ணி," என்றாள் நாச்சியம்மாள். குரல் இன்னும் கரகரத்தது. "கொடி வேண்டாமுங்க. கயித்துலயே இருக்கட்டும்."

"என்ன பேச்சுப் பேசற? தோட்டங்காட்டோட இருக்கறவன் பொண்டாட்டி, கல்யாணங்காச்சிக்குக் கயித்தோட வந்து நின்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"எங்கம்மா காலத்துல எல்லாரும் கயித்துலதானுங்க போட்டாங்க. கயிறா இருந்தா இழுத்த இழுப்புல அந்துபோயிருக்கும். தங்கம் அந்துபோகலீங்க அண்ணி. எங்கழுத்துதான் அந்துபோகப் பாத்துச்சு."

"அப்படின்னா பூவும் வேண்டாம், பொட்டும் வேண்டாம்னு எடுத்துப்போடுவியா?"

"அதெதுக்கு எடுக்கறேன்? பூவும் பொட்டும் எனக்குப் புடிச்சு வெக்கறது. அன்னைக்குப் பட்டுக் கட்டுனதும் கொடிய வெளிய எடுத்துப் போட்டதும் பயந்து செஞ்சது. பயந்து செஞ்சதுதான் என்னைய இழுத்துச்சு."

வேலாத்தாள் தம்பியைப் பார்த்தாள், அவன் ஏதாவது சொல்வான் என்று. பாலுசாமி, "அவ கழுத்து அக்கா, அவ இஷ்டம்," என்றார். வேலாத்தாள் கோபமாகத்தான் கிளம்பினாள். ஆனால் கார் ஏறும் முன் லோகப்பிரியாவின் பக்கத்தில் வந்து நின்றாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று லோகப்பிரியா பயந்தாள். வேலாத்தாள் அவள் கையை எடுத்து, பிளேயர் அமுக்கிக் கன்றியிருந்த உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டுக் காரில் ஏறினாள்.

தட்டு வெட்டும் ஆள் மறுபடி லீவு போட்ட ஒரு காலையில் மாடுகள் கத்த ஆரம்பித்தன. நாச்சியம்மாள் கொட்டகைக்கு வந்தாள். வாயில் சேலையின் முந்தியைச் சுருட்டி இடுப்பில் செருகி, அதற்கு மேல் பாலுசாமியின் பழைய சட்டையைப் போட்டு, கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தாள். காட்டு வேலைக்கு வரும் பெண்கள்தான் அப்படிச் சேலைமேல் ஆம்பளைச் சட்டை போடுவார்கள். தோட்டக்காரர் வீட்டுப் பெண் யாரும் போட்டு லோகப்பிரியா பார்த்ததில்லை. பால் வண்டிக்காரர் வந்து, பார்த்து, பார்க்காதது போல் கேனைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஸ்டார்ட்டருக்கு முன்னால் நாச்சியம்மாள் கையைத் தூக்கினாள். கை பாதியில் நின்றது.

"என்னால முடியல கண்ணு."

"நான் போடறேனுங்க." லோகப்பிரியா டீ சர்ட்டும் பேண்ட்டும் போட்டு, தலைமுடியைக் கொண்டையாக இறுக்கி முடிந்திருந்தாள். துப்பட்டாவைப் பற்றி யாரும் பேசவில்லை.

பொத்தானை அமுக்கினாள். மோட்டார் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். நாச்சியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். மூடிக்குள் பெல்ட் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி அப்படியே நின்றார்கள். தொழுவத்தில் எருமை தீனித் தொட்டியை இடித்தது.

"செரி," என்றாள் நாச்சியம்மாள், கையை விடாமலே. "தட்ட எடு."